வயல் மீனும் வீட்டுச் சட்டியும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டபோது, தலைவர் ஒருவரின் வாழ்க்கையையோ, உரிமைப் போர் ஒன்றின் வரலாற்றையோ எழுதித் தருவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். அவற்றை எழுத நம்மினும் வல்லவர் பலர் இம்மலரில் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மீன். நம் தாய்மார் வாய்க்காலிலும் வயலிலும் பிடித்து, சாம்பலிட்டு உரைத்துக் கழுவி, மண்சட்டியில் புளிகூட்டிச் சமைத்த மீன்.

இப்பொருளை நாம் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவரிடம், நேற்று வீட்டில் உண்டது என்ன என்று பத்து வரிகள் எழுதச் சொன்னோம். ஏடுகளைத் திருத்த அமர்ந்தால், ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் சாம்பார், பொரியல், அப்பளம். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டு அடுப்பை நாம் நன்கு அறிவோம். புதுத் தண்ணீர் வந்து வாய்க்காலெல்லாம் கெண்டை துள்ளிய வாரம் அது. ஒரு சிறுமியின் ஏட்டில் மட்டும் 'நண்டு ரசம்' என்று எழுதி, பின் அதனை எச்சில் தொட்டு அழித்து, அதன்மேல் 'தக்காளி ரசம்' என்று எழுதியிருந்த தடம் தெரிந்தது. அழித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலே இக்கட்டுரைக்குத் தொடக்கம்.

நாம் பேசப் புகுவது பழைய தஞ்சை மாவட்டத்தைப் பற்றி. இன்று அது தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எனப் பிரிந்து நிற்கிறது. 1991இல் நாகையும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. பெயர்கள் மாறினும் வாய்க்கால்கள் அவைதாம்.

முதலில் இலக்கியச் சான்றுகளைக் காண்போம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியைப் பாடியவர் ஓரம்போகியார். அதில் பாணர் குடிப் பெண்ணொருத்தி கூடை நிறைய வரால் மீனைக் கொண்டுவந்து சொரிய, உழவர் வீட்டு மனைவி அக்கூடையில் பழைய வெண்ணெல்லை நிறைத்து அனுப்பும் காட்சி வருகிறது. அதற்கு முந்திய பாட்டிலேயே கெளிற்று மீனுக்குப் பயறு கொடுக்கப்படுகிறது. வரால் என்பது நாம் விரால் என்று வழங்குவது. கெளிறு நம் கெளுத்தி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகப் பெயர்கூடப் பெரிதும் மாறாத பண்டங்கள் நம் அடுக்களையில் எத்தனை உள என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீனைக் கொண்டுவந்தவள் பாணர் மகள் என்பதும் கருதத்தக்கது. யாழும் பண்ணும் கொண்டு வேந்தர் அவையில் அமர்ந்த பாணர், பிற்காலத்தில் தாழ்ந்த குலத்தவர் எனக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மீன் பிடித்ததனால் தாழ்ந்தனரா, தாழ்த்தப்பட்டதனால் அவர் பிடித்த மீனும் தாழ்ந்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது. நாம் இரண்டாவதையே ஏற்கிறோம்.

ஆற்றுப்படை நூல்களில் விருந்தே பேசப்படுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் வழிப்போக்கருக்குக் கிடைப்பவை நன்கு விளைந்த கள்ளும் சுட்ட மீனும். நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் உலர்ந்த குழல் மீனைச் சுட்டுத் தருகின்றனர். உலர்ந்த மீனைச் சுடுவது என்றால் கருவாடு சுடுவதன்றி வேறென்ன? அண்டை வீட்டார் முகம் சுளிப்பரே என்று கதவை அடைத்துக்கொண்டு கருவாடு சுடும் இன்றைய நகரத்துக் குடியிருப்பு வாசிகள், இது பத்துப்பாட்டில் ஏறிய உணவு என்பதை அறிவது நலம்.

இலக்கியத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே மீன், விருந்தாக அன்றி வருவாயாகப் பேசப்படுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம் என்னும் சொற்கள் வருகின்றன. ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தும் தொகை அது. அத்தொகை ஏரியின் தூர் அகற்றவும் கரை உயர்த்தவும் செலவிடப்பட்டதும் உண்டு. நல்ல ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆயின், குளத்து மீனுக்கு உரியவர் இன்னார் என்னும் கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது. இன்றும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் 'மீன் பாசி ஏலம்' என்று எழுதுகிறார்களே, அந்தப் 'பாசி' கல்வெட்டிலிருந்து வந்து நிற்கும் சொல். பசலி ஆண்டுக் கணக்கில் ஏலம் எடுத்தவருக்கே அவ்வாண்டின் மீன் உரியது.

குளம் ஏலத்துக்குப் போனபின் உழைக்கும் மக்களுக்கு எஞ்சியவை வயலும் வாய்க்காலும் வடிகாலும். நம் மக்களின் மீன் வரலாறு பெரும்பாலும் இந்த எஞ்சிய நீரின் வரலாறே.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. சூன் 12இல் திறக்கப்படும் நீர் கடைமடைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். அந்தப் புதுநீரோடு மீனும் வரும். நீர் வரும் திசையை எதிர்த்து ஏறுவது அதன் இயல்பு. வயலுக்கு வயல் நீர் இறங்கும் வாய்மடையில் பறி வைப்பர். மூங்கிலைப் பிளந்து சீவிய குச்சிகளாலோ ஈர்க்குகளாலோ பின்னப்பட்ட குடுவை போன்ற கருவி அது. வாய்க்குள்ளே குச்சி முனைகள் உள்நோக்கி வளைந்திருக்கும். நுழைந்த மீன் திரும்பும்போது அம்முனைகள் குறுக்கே நிற்கும். மாலையில் வைத்து விடியலில் எடுத்தால் கெண்டையும் குறவையும் சில நாட்களில் நீர்ப்பாம்பும் இருக்கும். கையை விடுமுன் பறியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார் நம் தந்தையார். மீன் துடிப்பது ஒரு விதமாகவும் பாம்பு நெளிவது வேறு விதமாகவும் கேட்கும். அந்த வேறுபாட்டை நாம் கடைசிவரை கற்கவில்லை.

ஊத்தா என்பது இன்னொன்று. அடியில்லாக் கூடை. மேலும் கீழும் திறந்திருக்கும். கலங்கிய ஆழமில்லா நீரில் நடந்துகொண்டே அதனைச் சேற்றில் அழுத்திக் குத்துவர். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையின் பக்கத்தில் முட்டும். மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவிப் பிடிப்பர். பெண்களும் சிறுவரும் வாய்க்காலில் இருபுறமும் சேற்றால் அணைபோட்டு நடுநீரை இறைத்துவிட்டுக் கையாலேயே பிடிப்பர். கெளுத்தியின் முள் தைத்து, அழுதுகொண்டே வீடு வராத சிறுவன் அக்காலத்துச் சேரியில் இருந்திருக்க மாட்டான். கோடையில் குட்டை வற்றி ஈரச்சேறாகும்போது, அதற்குள் புதைந்து உயிரோடு கிடக்கும் குறவையை மண்வெட்டியால் தோண்டி எடுப்பதும் உண்டு.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கண்மாய் வற்றும் கோடையில் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவைப் பலரும் அறிவர். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருக்கும் சுற்றூர் மக்கள் ஊத்தாவும் வலையும் ஏந்தி ஒரே நேரத்தில் இறங்குவர். பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் சமைத்து உண்பதே மரபு. அந்த ஒரு நாளில் எல்லோரும் ஒன்றாக இறங்குவதைப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதுகின்றன. புகழட்டும். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்தக் கண்மாயில் யார் எந்தத் துறையில் இறங்கினர் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு நிறைவுறும்.

நம் பக்கத்தில் குளம் வற்றும்போது நம்மவரை அழைத்து மீன் பிடிக்கச் சொல்வதுண்டு. நல்ல விராலெல்லாம் குத்தகைக்காரர் வண்டியில் ஏறும். பிடித்தவருக்குப் பொடியும் சேற்றில் சிதைந்ததும். குளத்து நீரை நாம் தொட்டால் தீட்டு என்ற ஊர், அதே நீரில் நாம் மார்பளவு நின்று பிடித்த மீனைத் தீட்டென்று ஒதுக்கவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் நிறைவேறியது. அண்ணல் அம்பேத்கர் மகத்தில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20. ஊர்க்குளத்தில் மீன் பிடிக்க நம்மவர் இறங்கிய நாள்களை எந்த அரசிதழும் குறிக்கவில்லை. அவ்வாறு இறங்கியது உரிமையினால் அன்று, ஏவலினால்.

ஈண்டு நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிக்கொள்ள மலர்க்குழுவினர் இசைவர் என நம்புகிறோம். நமக்குப் பத்து வயது இருக்கும். குளத்தின் வடிகால், ஊர் எல்லையைக் கடந்து வயலில் கலக்கும் இடத்தில் தந்தையார் பறி வைத்திருந்தார். அது ஏலத்துக்கு உட்பட்ட இடமன்று. விடியலில் அவரும் நாமும் சென்றபோது, குத்தகை எடுத்தவரின் ஆட்கள் இருவர் பறியைக் கரையில் எடுத்து வைத்திருந்தனர். குளத்திலிருந்து வெளியேறிய மீன் என்றனர். மீனை வாளியில் கொட்டிக்கொண்டு, பறியைக் காலால் மிதித்து நசுக்கினர். அது தந்தையார் ஆறு நாள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பின்னியது. அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அன்னையார் அதற்குள் மிளகாயும் மல்லியும் அம்மியில் அரைத்து, புளியைக் கரைத்து வைத்திருந்தார். அரைத்ததை வீணாக்க இயலுமா? கத்தரிக்காயை அரிந்து போட்டு அந்தக் குழம்பை அப்படியே கொதிக்க வைத்தார். மீன் இல்லாத மீன் குழம்பு. உண்ணும்போது எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரு கிழமை கழித்து மீண்டும் மூங்கில் பிளக்கும் ஓசை கேட்டது.

மேலே குறிப்பிட்ட மீன்களை ஐரோப்பியர் அறிந்த வரலாறும் நம் பகுதியோடு தொடர்புடையதே. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை இருந்த காலத்தில், அங்கிருந்த சமயத் தொண்டர் ஜான் என்பார் நம் கடலிலும் ஆற்றிலும் அகப்பட்ட மீன்களைப் பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக் என்பாருக்கு அனுப்பி வந்தார். கத்தாளை மீனினம் ஒன்றுக்குப் பிளாக் அவருடைய பெயரையே சூட்டினார். விராலுக்கும் குறவைக்கும் 1793இல் அறிவியற் பெயர் இட்டவரும் பிளாக்கே. டேனியப் படை அதிகாரி டால்டார்ஃப் என்பார், 1791இல் தரங்கம்பாடியில் நீர்நிலையோரப் பனைமரத்தின் மேல், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைத் தம் கையால் பிடித்ததாக எழுதினார். அச்செய்தி 1797இல் இலண்டன் அறிவியற் கழகம் ஒன்றின் வெளியீட்டில் வந்து, நம்புவோரும் நகைப்போருமாக அறிஞரிடையே நெடுநாள் வழக்காடப்பட்டது. அம்மீன் காற்றையும் உறிஞ்சி வாழவல்லது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி நிலத்தில் நகரும். மரம் ஏறுமா என்பதில் இன்றும் அறிஞர் ஐயுறுவர். அந்த அதிகாரிக்குப் பிடித்துக் காட்டியவர் யாராயினும், நம் மக்கள் அதற்கு முன்பே அதனைப் பனையேறி என்றுதான் வழங்கினர். பிடித்தவர் பெயர் வெளியீட்டில் இல்லை. அனுப்பிய ஜானுக்காக மீன்களைத் தேடிக் கொடுத்தவர் பெயரும் அவ்வாறே.

1873இல் ஆங்கில அரசின் மீன்வள அலுவலர் ஃபிரான்சிஸ் டே, இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி அறிக்கை அளித்தார். சிறு கண் வலையும் வயல் பறியும் குஞ்சு மீனை அழிக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. பெரும் அறிஞர்தாம். 'இந்திய மீன்கள்' என்னும் அவருடைய நூலுக்கு நிகரானது இன்றும் அரிது. ஆயினும் இதில் ஒரு பக்கமே அவர் கண்ணுக்குப் பட்டது என்போம். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேல் மிதக்க, தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்தக் காலத்தில் அவற்றைத் தூண்டிலிடுவதை நம் தெருப் பெரியவர்கள் கண்டிப்பர். 'குடும்பத்தோடு இருக்கிறது, விடு' என்பதே அவர்கள் வாக்கு. அரசு கொணர்ந்த 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடியிட்டும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. பின்னாளில் வயலுக்கு நஞ்சு வந்தபோது அது மருந்தென்று பெயர் பெற்றிருந்தது. அச்செய்திக்குப் பின்னர் வருவோம்.

சமையலைச் சொல்லாமல் மீனைப் பேசுவது பாதி வேலை.

வயல் மீனில் சேற்று வாடை உண்டு. அதனைப் போக்குவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பிடித்த விராலையும் குறவையையும் உடனே அறுப்பதில்லை. பானைத் தண்ணீரில் ஓரிரவு உயிரோடு விடுவர். நீரை இருமுறை மாற்றினால் வயிற்றுச் சேறு கழியும். கெளுத்திக்குச் செதில் இல்லை, வழுவழுப்பு மிகுதி. அடுப்புச் சாம்பலைத் தூவிக் கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்து வெளுக்கும்வரை உரைப்பர். அயிரை சிறியது, அறுக்க இயலாது. சட்டியில் உப்பிட்டு மூடிக் கையால் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவர். இவ்வளவுக்குப் பிறகும் வாடை எஞ்சுமாயின் அதற்குத்தான் புளி. வெந்தயம் பொரித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, அரைத்த காரத்தையும் புளிக்கரைசலையும் ஊற்றி, நன்கு கொதித்துப் பச்சை வாடை போனபின்னரே மீன். மாங்காய் கிடைக்கும் பருவமாயின் புளியைக் குறைத்துக் கொள்வர். மீனை இட்டபின் கரண்டியால் கிளறலாகாது. சட்டியை இருகையாலும் பற்றி அசைத்துவிட வேண்டும். மறுநாள் காலைப் பழையசோற்றுக்கு அக்குழம்பு இன்னும் சுவைக்கும். புளியும் உப்பும் காரமும் ஓரிரவில் மீனுக்குள் இறங்குவதே காரணம். புளியில் ஊறியது எளிதில் கெடாது என்பதும் காரணம். குளிர்பெட்டி இல்லா வீட்டின் குளிர்பெட்டி புளிச்சட்டியே.

இக்குழம்பு தொன்றுதொட்டு இதே நிறத்தில் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. அதற்கு முன் காரம் என்றால் மிளகே. தக்காளியும் கடல் கடந்து வந்ததே. இன்று தக்காளி இன்றி மீன் குழம்பு இல்லை என்னும் இளைய மருமகள்களுக்கு இது செய்தி.

வயல் நண்டை உரலில் இட்டு நசுக்கிப் பிழிந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வைக்கும் ரசம், நாற்று நடவு முடிந்து ஈரத்தில் விறைத்து வரும் உடம்புக்கு உகந்தது என்பர். சளிக்கு மருந்தென்றும் சொல்வர். அச்சிறுமி அழித்த ரசம் இதுவே. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்துப் பூண்டு மிகுதியாக இட்டுப் புட்டுச் செய்து தருவர். அது கடல் மீன், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே வீட்டில் சுறாப்புட்டு மணந்தால் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரு அறியும்.

பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகக் கிடைத்த காலம் அது. காசு கையில் புழங்கவில்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, கூலிக்கும் பங்குக்கும் ஒரு வரையறை ஏற்படும்வரை அளந்து கொடுத்ததே கூலி. சோறு உண்டு, குழம்புக்கு வழியில்லை என்னும் நிலையில் வாய்க்கால் மீன்தான் காசில்லாக் கறி. மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில் அவ்விடத்தைக் கருவாடு நிரப்பியது. அறுவடைக் களத்துக்கே கடற்கரைப் பெண்கள் கூடையோடு வருவர். நெத்திலி, காரப்பொடி, சென்னாகூனி ஆகியவற்றை அளந்து கொடுத்து நெல்லை அளந்து செல்வர். ஐங்குறுநூற்றுப் பாணர் மகளின் கூடை நம் இளமைவரை களத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

கருவாட்டுக்கு உப்பு வேண்டும். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. உப்பு விலையேறியதும் உப்பிடாமல் மணலில் காய்ந்த மீனும் அரைகுறையாக உப்பிட்ட மீனும் ஏழைகளுக்கு வந்து சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசே மீன் பதனிடும் களங்களை அமைத்து, அங்கு மட்டும் வரி நீங்கிய உப்பைத் தந்தது. 1907இல் சென்னை மாகாண மீன்துறை தொடங்கியதும் பிரடெரிக் நிக்கல்சன் முதன்மையாகக் கவனித்தவற்றுள் மீன் பதனிடுதலும் ஒன்று. 1930 ஏப்ரலில் இராசாசி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த உப்பு அறப்போரை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிக்கிறோம். உப்பின் மீதான வரி கருவாட்டின் மீதான வரியும் ஆகும் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நாம் சொல்லி வருகிறோம். பிள்ளைகள் சிரிப்பார்கள், பின் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

வயல் மீன் குறைந்த கதை நம் கண்முன் நடந்தது. தஞ்சை மாவட்டத்தில் 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. 1966இல் ஆடுதுறை 27 என்னும் நெல் வந்தது. விளைச்சல் பெருகியது, பசி தணிந்தது. அந்த நன்மையை மறைத்து எழுதுவது நன்றி கொல்வதாகும். ஆனால், நெல்லோடு எண்டிரினும் வந்தது. பூச்சிக்கு அடித்த மருந்து மடைவழியே வாய்க்காலில் கலந்த மறுநாள், கெண்டையும் குறவையும் வயிறு வெளுத்து மிதந்தன. அவற்றை அள்ளி வந்து சமைக்கலாமா கூடாதா என்று அறியாமல் தாய்மார் கலங்கி நின்றதை நாம் கண்டோம். சிலர் சமைத்தனர், வாந்தி எடுத்தனர். மருந்துக் குப்பியை மடுவில் கவிழ்த்து மீன் பிடிக்கும் கயவரும் தோன்றினர். எண்டிரின் 1990இல் தடைசெய்யப்பட்டது. அதற்குள் பனையேறி பல ஊர்களில் அரிதாகிவிட்டது. குளங்களில் வேறு மீன்கள் குடியேறின. 1952இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட திலேப்பியாவை மக்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைத்துத் தம்மோடு சேர்த்துக் கொண்டனர். வடநாட்டுக் கட்லாவும் ரோகுவும் ஏலக்குளங்களின் முதன்மை மீன்களாயின. குறை சொல்வதற்கில்லை. ஆயினும் கழுவும் கையின் திறமைக்கு அவற்றில் வேலை இல்லை.

1990களில் கடலோர வட்டங்களில் இன்னொரு மாற்றம் வந்தது. நெல்வயல்கள் இறால் பண்ணைகளாயின. ஏற்றுமதிக்குரிய இறால். நடவும் களையும் அறுப்பும் நின்றதால் முதலில் வேலை இழந்தவர் நிலமற்ற நம் மக்கள். உப்புநீர் கசிந்து குடிநீர்க் கிணறும் கெட்டது. வடிகால் அடைபட்டதால் வாய்க்கால் மீனும் போயிற்று. ஒருவேளைக் குழம்புக்குக் குறவை பிடித்த இடத்தில் காவலாளும் முள்வேலியும் நின்றன. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் நம் பெண்களைத் திரட்டிக் களத்தில் நின்றனர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றவும், வேலை இழந்தோர்க்கும் சூழல் கேட்டுக்கும் ஈடு வழங்கவும் தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம், பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழிவகுத்தது. தீர்ப்பின் வலிமை அதனால் பெரிதும் தளர்ந்தது என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடையோரும் நம் சங்கத்திலேயே உளர்.

இடையில் 2004 டிசம்பர் 26 கடல் பொங்கிய நாள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோரக் கழிகளில் கையால் இறாலும் நண்டும் தடவிப் பிழைத்த நம்மவர் பலர், படகும் வலையும் இல்லாமையால் மீனவர் என்ற கணக்கில் அகப்படவில்லை. உதவி கேட்டுச் சென்றபோது, நீங்கள் கடலுக்குப் போகிறவர்கள் அல்லவே என்று திருப்பியனுப்பப்பட்டோரை நாம் அறிவோம். இவர்களது தொழில் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாததன் விளைவு அது.

அந்த ஏடு கிழிந்த நாளுக்குப் பின், வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலும் தெருவிலும் உள்ள முதியோரிடம் கேட்டு, நம் ஊர் நீரில் வாழ்ந்த மீன்களின் பெயரையும், அவற்றைப் பிடிக்கும் வகையையும், சமைக்கும் வகையையும் எழுதி வரவேண்டும். பிடித்தது யார், சமைத்தது யார் என்பதையும் எழுத வேண்டும். மூன்று வாரத்தில் முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன. நாம் அறியாதவை அவற்றுள் ஏழு. நண்டு ரசச் சிறுமி தன் பாட்டியைப் பள்ளிக்கே அழைத்து வந்துவிட்டாள். அம்மூதாட்டி தலைமையாசிரியர் அறையில் நாற்காலியில் அமர மறுத்து, பின் நாம் வற்புறுத்த அமர்ந்து, விராலையும் குறவையையும் கழுவும் வகை வேறு வேறு என்று அரைமணி நேரம் விளக்கினார். பேத்தி எழுதிக்கொண்டாள். அழிக்கவில்லை.

அக்குறிப்பேடு பள்ளி அலமாரியில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மூன்று மீன்களை இப்போது எவரும் காட்ட இயலவில்லை. பெயர் மட்டும் உள்ளது. அவற்றுள் ஒன்று, நெல் பூக்கும் காலத்தில் மட்டும் வரும் விரல் நீளச் சிறுமீன் என்றும், வாலில் கருப்புப் பொட்டு உடையது என்றும், சுட்டால் எண்ணெய் வடியும் என்றும் மூதாட்டியர் இருவர் தனித்தனியே சொல்லியுள்ளனர். கடைமடைப் பகுதி அன்பர்கள் எவரேனும் அதனை இன்றும் காண்பவராயின், சங்க முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி உதவ வேண்டுகிறோம்.